தைலப் பானைக்கு வடிவால்வு: பக்கவாட்டில் வைப்பதா, அடியில் வைப்பதா?

புல்லுமேடு (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். தாண்டிக்குடிப் பக்கம் அரை ஏக்கர் சரிவில் எலுமிச்சைப் புல் வைத்திருக்கிறேன். வாழை வைத்தால் காட்டுமாடு, கிழங்கு வைத்தால் பன்றி என்று இரண்டு வருடம் தோற்றுப்போய், இவை எதுவும் வாய் வைக்காத பயிர் என்று புல்லுக்கு வந்தவன். மூன்று வருடமாக வீட்டுக் கொட்டகையில் நானே தைலம் காய்ச்சுகிறேன்.

பானை எவர்சில்வர். விட்டம் 40 செ.மீ., உயரம் 60 செ.மீ., தகடு ஒன்றரை மில்லிமீட்டர். முழுசாக நிரப்பினால் 75 லிட்டர் பிடிக்கும். அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் சல்லடைத் தட்டு. தட்டுக்குக் கீழே 16 லிட்டர் தண்ணீர், மேலே ஒருநாள் வாடவிட்டு நறுக்கிய புல் 11 கிலோ. கீழே ஹை பிரஷர் பர்னர். கொதி வந்த பிறகு இரண்டு மணி நேரம் ஓட்டுவேன். 40 முதல் 50 மில்லி தைலம் கிடைக்கும். மழைக்காலத்துப் புல் என்றால் 30-க்கே முக்கும்.

பிரச்சினை தைலம் எடுத்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. அடியில் எட்டு லிட்டர் மிச்சம் இருக்கும், கடுங்காப்பி நிறத்தில். ஒரு நாளைக்கு இரண்டு தடவை காய்ச்சினால்தான் எனக்குக் கட்டுப்படியாகும். அதனால் ஆறும்வரை காத்திருக்க முடியாது. புல்லை அள்ளி, தட்டை எடுத்து, நானும் வீட்டுக்காரியும் ஆளுக்கொரு கைப்பிடி பிடித்துச் சாய்த்துக் கொட்டுவோம். வெறும் பானையே 12 கிலோ. போன மாதம் ஈரத்தரையில் எனக்குக் கால் வழுக்கி, இடது புறங்காலில் கொட்டிக்கொண்டேன். இரண்டு வாரம் செருப்புப் போடவில்லை. நல்லவேளை அவள் மேல் படவில்லை. அன்றைக்கே சொல்லிவிட்டாள், இனிமேல் குழாய் வைத்தால்தான் கை கொடுப்பேன் என்று.

ஆகவே கேட்கிறேன். வால்வு பக்கவாட்டில் வைப்பதா, அடியின் நடுவில் வைப்பதா? அடியில் வைத்தால் மொத்தமும் வடியும், ஆனால் அங்கேதான் பர்னர் இருக்கிறது. பக்கவாட்டில் வைத்தாலும் தீ நாக்கு மேலே ஏறி வால்வுக்குள் இருக்கும் டெஃப்லானை உருக்கிவிடுமோ என்று பயம். வெல்டிங் இல்லாமல், தண்ணீர்த் தொட்டிக்குப் போடுவது மாதிரி டேங்க் நிப்பிள் போட்டால் போதுமா? அரை இன்ச் போதுமா?

பின்குறிப்பு: காய்ச்சுவது புல் தைலம் மட்டும்தான். பானையின் படத்தைப் பார்த்தால் எல்லோருக்கும் வேறொன்று ஞாபகம் வரும் என்று தெரியும்.

மாடித்தோட்டம்

பின்குறிப்பு போட்டதால்தான் சந்தேகமே வருகிறது சார் 😄 பக்கத்து வீட்டில் யாரும் புகார் கொடுக்கவில்லையா?

புல்லுமேடு

கொடுத்தார்கள். போன வருடம் இரண்டு காவலர்கள் மலை ஏறி வந்து மூடியைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தேன். ஆவி மூஞ்சியில் அடித்ததும் பெரியவர் சொன்னார், "இது கொசுவத்தி வாசனை, வாய்யா போகலாம்." போகும்போது ஆளுக்கு ஒரு சின்னப் புட்டி கேட்டு வாங்கிக்கொண்டார்கள். 1937-ஆம் வருடத்து மதுவிலக்குச் சட்டம் நமக்கும் தெரியும், நம் பானையில் புல்லைத் தவிர எதுவும் ஏறாது. சரி, வால்வுக்கு வருவோம்.

நாலுநூல்

கோயமுத்தூரில் ஆர்கான் வெல்டிங் பட்டறை, 19 வருடம். அதிகமும் பால் பண்ணை வேலை, நடுவில் இந்த மாதிரித் தைலப் பானைகளும் வரும். வரிசையாகச் சொல்கிறேன்.

அடியின் நடுவில் வைக்காதீர்கள். வைத்தால் அங்கிருந்து ஒரு குழாயைத் தீக்கு நடுவே ஓட்டி வெளியே கொண்டுவர வேண்டும். அந்தக் குழாயில் கசடு போய் உட்காரும், தீ அதை வறுக்கும், கருகின வாசனை அப்படியே தைலத்தில் ஏறும். ஆவிச் சூட்டில் ஓடுகிற பெரிய பானைக்கு அது சரி. கேஸ் பர்னர் மேல் உட்காருகிற பானைக்குப் பக்கவாடுதான்.

டேங்க் நிப்பிள் தட்டையான சுவருக்கு. உங்கள் பானை வளைவு. 40 செ.மீ. விட்டத்தில் நாலரை செ.மீ. வாஷரை வைத்துப் பாருங்கள், நடு ஒட்டும்போது ஓரத்தில் ஒன்றேகால் மில்லிமீட்டர் இடைவெளி நிற்கும். அதை ரப்பர் அடைக்கும். ஆனால் கடையில் தருகிற கறுப்பு ரப்பர் வாஷர் புல் தைலத்துக்கு ஊறிப் பருத்துவிடும், அதோடு ரப்பர் நாற்றம் வேறு. டெஃப்லான் வாஷர் நாறாது, ஆனால் வளைவுக்கு வளைந்துகொடுக்காது. வெல்டிங்தான் வழி.

அரை இன்ச் வேண்டாம். ஒரு இன்ச் போடுங்கள், அதாவது எட்டு நூல். சல்லடைத் தட்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் புல் தூள் கீழே இறங்கும். அரை இன்ச்சில் அது மாட்டினால் கம்பி விட்டுக் குடைய வேண்டும். குடைகிற நேரத்தில் அடைப்பு விட்டால் கொதிநீர் உங்கள் கையில்தான். வால்வும் முழுத் துவாரம் உள்ள பால் வால்வாக (உள்ளே துளை போட்ட உருண்டை திரும்புகிற வகை) இருக்கட்டும், மூன்று துண்டாகக் கழற்றுகிற மாதிரி. கேட் வால்வு வாங்கவே வாங்காதீர்கள், அதன் பள்ளத்தில் தூள் உட்கார்ந்தால் முழுசாக மூடாது.

தீ பற்றி: டெஃப்லான் 260 டிகிரி வரை தாங்கும். வால்வுக்குள் இருக்கும்போது 180-க்கு மேல் விடக்கூடாது என்பது எங்கள் பட்டறைக் கணக்கு. உள்ளே தண்ணீர் நிற்கும்வரை அந்த இடம் கொதிநிலையைத் தாண்டாது. ஆகவே பயப்பட வேண்டியது வெளியிலிருந்து நாக்கு நீட்டுகிற தீயைத்தான். பர்னர் வட்டம் பானை அடியைவிடச் சின்னதாக இருக்க வேண்டும். வால்வு இருக்கிற பக்கம் ஒரு தகட்டை மறைப்பாக நிறுத்துங்கள். சாக்கெட்டிலிருந்து (பானைச் சுவரில் ஒட்டுகிற மரைத் துண்டு) நாலு இன்ச் நிப்பிள் (குட்டைக் குழாய்) விட்டு அப்புறம் வால்வு. அதற்கு மேல் நீட்டினால் நடந்து போகிறவர் காலில் இடிக்கும். கைப்பிடியில் இருக்கிற பிளாஸ்டிக் உறையை உருவிப் போட்டுவிடுங்கள், உருகி ஒட்டும்.

துளையின் மையம் அடியிலிருந்து 30 மில்லிமீட்டர். அதற்குக் கீழே போனால் சாக்கெட் வெல்டும் அடித்தகட்டு வெல்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். இந்த உயரத்தில் இரண்டு லிட்டர் வடியாமல் நிற்கும். அதுவும் வேண்டும் என்றால் உள்பக்கம் ஒரு எல்போவை (வளைந்த குழாய்த் துண்டு) கீழ்நோக்கி முடுக்குங்கள், தானே உறிஞ்சி இழுத்துவிடும்.

வெல்டரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, துளையைச் சுற்றி ஒரு வளையத் தகடு வைத்துச் சாக்கெட்டை அதன்மேல் ஒட்டுவாரா? ஒன்றரை மில்லி தகட்டில் நேரே ஒட்டினால் சுவர் சொட்டையாகும், பின்னால் யாராவது வால்வில் கால் வைத்தால் கிழியும். இரண்டு, வெல்டு பண்ணும்போது உள்பக்கமும் ஆர்கான் வாயு விடுவாரா? விடாவிட்டால் உள்ளே சர்க்கரை மாதிரிப் பொரிந்து நிற்கும். அந்தப் பொரியில்தான் முதல் துரு பிடிக்கும், கசடும் ஒட்டும்.

கடைசியாக ஒன்று. மரையில் நூலும் வெள்ளைப் பெயிண்டும் வைத்து இறுக்க விடாதீர்கள், பிளம்பர்கள் பழக்கதோஷத்தில் செய்துவிடுவார்கள். டெஃப்லான் டேப் மட்டும். அப்புறம் வால்வு எஸ்.எஸ். என்று சொல்லிப் பித்தளைக்கு முலாம் பூசியதைத் தலையில் கட்டுவார்கள். அடிப்பக்கம் அரத்தால் ஒரு இழு இழுங்கள், மஞ்சள் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கற்பூரமரம்

நாலுநூல் அண்ணன் சொன்ன வெல்டிங் சமாச்சாரத்தில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எல்போவில் இருக்கிறது.

நான் கோத்தகிரி. எங்கள் அப்பா கற்பூர மர இலையில் தைலம் காய்ச்சியவர். (வெளியூர்க்காரர்கள் யூகலிப்டஸ் என்பார்கள், தைல மரம் என்பார்கள். எங்களுக்குக் கற்பூர மரம்தான்.) அவர் காலத்தில் விறகு அடுப்பு, இரும்புப் பானை. அடியில் வால்வு கிடையாது, இரும்புக் குழாயில் மரத்தக்கை அடித்து வைத்திருப்பார். நான் அதைச் சின்னதாக்கி, எவர்சில்வர் பானையும் கேஸும் வைத்துச் செய்கிறேன். வால்வு வைத்து ஆறு வருடம் ஆகிறது. இரண்டு தடவை பட்டிருக்கிறேன்.

முதல் தடவை: வால்வின் வாயில் புல்தூள் மாதிரி ஏதோ ஒன்று சிக்கி, மூடியும் மூடாமலும் நின்றிருக்கிறது. சொட்டுச் சொட்டாக ஒழுகி, தரையும் ஏற்கெனவே ஈரமாக இருந்ததால் எனக்குத் தெரியவில்லை. இரண்டு மணி நேரத்தில் தண்ணீர் தீர்ந்தது. கண்டன்சரில் (ஆவியைக் குளிரவைக்கிற குழாய்) வருவது குறைந்தபோதுதான் நிமிர்ந்து பார்த்தேன். அதற்குள் அடி கருகி, 35 மில்லி தைலமும் பீடி வாசனை. வாங்க ஆளில்லை. எங்கள் வீட்டில் தரை துடைக்கப் போனது. தைல ஆவி தீப்பிடிக்கும் என்பதை மறக்க வேண்டாம். எங்கள் கற்பூரத் தைலத்துக்கு 49 டிகிரியே போதும். வறண்ட பானைக்குக் கீழே தீ எரிந்துகொண்டிருப்பது வாசனைப் பிரச்சினை மட்டும் இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், அந்த இரண்டு லிட்டர் அடியில் நிற்பது நல்லது. வால்வே ஒழுகினாலும் அந்த இரண்டு லிட்டர் வால்வு வழியாகப் போகாது. எல்போவைப் போட்டு அதையும் உறிஞ்ச வழி செய்துவிட்டால் காவலுக்கு இருந்தவனையும் அனுப்பிவிட்ட மாதிரி. கழுவும்போது வால்வுக்கு எதிர்ப்பக்கம் பானைக்கு அடியில் ஒரு செங்கல் சில்லை வைத்துச் சாய்த்தால் முக்கால்வாசி வடிந்துவிடும்.

இரண்டாவது தடவை பட்டது இதைவிட மோசம். தீயை அணைத்தேன். கண்டன்சர் வாய் சேகரிக்கிற பாத்திரத்துத் தண்ணீருக்குள் இரண்டு விரல் மூழ்கியிருந்தது. மூடி க்ளாம்ப் போட்டு இறுக்கமாக இருந்தது. அப்படியே வால்வைத் திறந்து ஹோஸில் வடியவிட்டு, வாளி நிறைந்ததும் மூடிவிட்டு டீ குடிக்கப் போனேன். டப்பென்று ஒரு சத்தம். வந்து பார்த்தால் பானை இடுப்பில் ஒரு பக்கம் உள்ளே போயிருக்கிறது, யாரோ முழங்கையால் குத்தின மாதிரி. சேகரிப்புப் பாத்திரத்தில் தண்ணீரும் இல்லை, மேலே மிதந்த தைலமும் இல்லை, எல்லாம் திரும்பிப் பானைக்குள்.

கணக்கு எளிது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1,700 லிட்டராக விரியும். ஆறினால் அத்தனையும் திரும்ப ஒரு லிட்டர். காற்று உள்ளே வர வழி இல்லை என்றால் பானை தன்னையே உறிஞ்சிக்கொள்ளும். 40 செ.மீ. மூடியின் மேல் காற்றின் பாரம் மட்டுமே ஒரு டன்னுக்கு மேல். ஒன்றரை மில்லித் தகடு அதைத் தாங்காது. ஆகவே வரிசை இது: கேஸை அணை, கழுத்துக் குழாயைக் கழற்று, மூடியைத் தளர்த்து, அதற்கு அப்புறம்தான் வால்வு. வால்வு வாயில் ஒரு ப்ளக்கும் முடுக்கி வையுங்கள். ப்ளக்கைக் கழற்றுகிற நேரத்தில் மற்றதெல்லாம் செய்தோமா என்று ஞாபகம் வரும். குழந்தைகள் கைப்பிடியைத் திருப்பினாலும் ஒன்றும் ஆகாது.

இன்னொரு யோசனை. வால்வுக்கு முன்னால் ஒரு டீ (மூன்று வாய் உள்ள குழாய் இணைப்பு) போட்டு, மேல் கிளையில் நிறமில்லாத சிலிக்கான் குழாயைச் செருகி, பானையின் வெளிப்பக்கமாக மூடி உயரத்துக்கு மேலே கொண்டுபோய்க் கட்டிவிடுங்கள், வாய் திறந்தபடி. உள்ளே தண்ணீர் எவ்வளவு என்று கண்ணால் பார்க்கலாம். மூன்று விரல் உயரத்துக்கு வந்தால் தீயை அணைக்கும் நேரம்.

நாலுநூல்

செங்கல் சில்லு விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன், எல்போ வேண்டாம். ஆனால் சிலிக்கான் குழாய்க்கு நான் கை தூக்க மாட்டேன். ஒவ்வொரு மூட்டும் ஒரு ஒழுக்கு. தீக்குப் பக்கத்தில், அடிமட்டத்தில், க்ளிப் போட்டுச் செருகின குழாய். கழன்றால் 16 லிட்டர் கொதிநீர், அதுவும் நிறுத்த வழியில்லாமல்.

கற்பூரமரம்

டீயின் கிளைக்கும் குழாய்க்கும் நடுவில் கால் இன்ச் வால்வு ஒன்று வைத்தால் நிறுத்தலாம் அண்ணா. நான் பாதி திறந்து வைத்திருக்கிறேன். நீங்கள் சொல்கிற பயம் நியாயமானதுதான். ஆனால் அந்தக் குழாய் இன்னொரு வேலையும் செய்கிறது. புல்லை அமுக்கி நிரப்பினாலோ கழுத்தில் அடைத்தாலோ உள்ளே அழுத்தம் ஏறும். அப்போது குழாயில் மட்டம் தானாக மேலே போகும். எத்தனை செ.மீ. ஏறுகிறதோ அத்தனை செ.மீ. தண்ணீர்ப் பாரம் உள்ளே ஆவிக்கு இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு, மூன்று செ.மீ. என்றால் சாதாரணம். ஒரு சாண் ஏறினால் எங்கேயோ அடைப்பு. பிரஷர் மீட்டர் வாங்கி மாட்டுகிற செலவு மிச்சம். வாயை மட்டும் ஆள் நிற்காத பக்கம் திருப்பிக் கட்டுங்கள்.

சவுக்குவிறகு

நான் கடலூர்ப் பக்கம், வெட்டிவேர். எங்களுக்கு ஒரு ஈடு இருபது மணி நேரம் ஓடும், அதனால் கேஸ் கட்டாது. சவுக்கு விறகுதான். இருந்தாலும் வால்வு விஷயத்தில் ஒன்று சொல்லலாம்.

உங்களுக்கு மலைத் தண்ணீர், எங்களுக்குப் போர் தண்ணீர். இருபது மணி நேரத்தில் மூன்று நான்கு தடவை தண்ணீர் ஊற்றுவோம். ஆவியாகப் போவது நல்ல தண்ணீர், உப்பு முழுக்க அடியிலேயே நின்றுவிடும். பாதி ஓட்டத்தில் வால்வை நாலு விநாடி திறந்து அடிக்கசடை ஒரு வாளி தள்ளிவிட்டுப் புதுத் தண்ணீர் விடுவோம். இல்லையென்றால் அடியில் சுண்ணாம்பு ஓடு பிடிக்கும். ஓடு பிடித்தால் சூடு ஏறாது, விறகு தின்னும். கேஸும் அப்படித்தானே. பிடித்த ஓட்டுக்குப் பழைய புளியைக் கரைத்து ஊற்றி இரவு வைத்துவிடுங்கள், காலையில் தேங்காய் நாரால் தேய்த்தால் வரும்.

இதை ஆறவிட்டு வடிக்கக் கூடாது. சூடாக இருக்கும்போது கசடு மிதந்துகொண்டிருக்கும், கூடவே வரும். ஆறினால் வால்வு வாயிலேயே சேறு மாதிரி உட்கார்ந்துவிடும்.

மாடித்தோட்டம்

சும்மா சிரிக்க வந்தவன் இவ்வளவையும் படித்துவிட்டேன். ஒரு சந்தேகம்: வீட்டுச் சிலிண்டரில் காய்ச்சி விற்கலாமா?

நாலுநூல்

விற்பனைக்கு என்றால் 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டர் கூடாது தம்பி, 19 கிலோ வணிகச் சிலிண்டர்தான். இதையும் சேர்த்துச் சொல்கிறேன்: வடிக்கிற ஹோஸ் ரெகுலேட்டர் ரப்பர் குழாய் மேல் போகக் கூடாது. கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு படுக்கும். வடித்த தண்ணீர் தெறித்து பர்னர் அணைந்து, கேஸ் மட்டும் வந்துகொண்டிருந்தால் மூக்குக்கு வருவதற்குள் காலடியில் தேங்கியிருக்கும். எனவே பர்னர் குமிழை மட்டும் இல்லை, ரெகுலேட்டரையும் மூடிவிட்டு வடியுங்கள்.

புல்லுமேடு (ஐந்து வாரம் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. வேலை முடிந்தது. ஒரே தடவையில் முடியவில்லை.

முதலில் பக்கத்து டவுனில் ஒரு பட்டறைக்குத்தான் கொண்டுபோனேன். வளையத் தகடு, உள்பக்க ஆர்கான் எல்லாம் எழுதி எடுத்துப் போய்க் காட்டினேன். "இதெல்லாம் ராக்கெட்டுக்குத்தான் சார்" என்று சிரித்துவிட்டு, சாதாரண ராடு வைத்து ஒட்டிக் கொடுத்தார். வெளியே பார்க்க மினுமினுப்பாக இருந்தது. வீட்டுக்கு வந்து தண்ணீர் நிரப்பி இரவு வைத்தேன். காலையில் சாக்கெட்டுக்கு அடியில் ஒரு துளி, விழவும் இல்லை, வற்றவும் இல்லை. விரலால் துடைத்தால் அஞ்சு நிமிடத்தில் திரும்ப அங்கேயே. பத்து நாளில் அந்த இடத்தைச் சுற்றிக் காவி நிறத்தில் ஒரு வளையம். வேறு வழியில்லாமல் பானையைப் பஸ் மேலே கட்டிக்கொண்டு திண்டுக்கல் போய், பால் பாத்திரம் செய்கிற ஒருவரிடம் அந்த இடத்தை அறுத்து எடுக்கச் சொல்லி, பெரிய வளையம் வைத்து ஆர்கானில் ஒட்டி வாங்கி வந்தேன். அவர் உள்ளே கை விட்டுத் தடவிப் பார்க்கச் சொன்னார். வழுவழுவென்று இருந்தது. பழைய வெல்டில் விரல் நகம் மாட்டும்.

வால்வு ஒரு இன்ச், மூன்று துண்டு. கடைக்காரரிடம் "பால் வால்வு" என்று நான் போனில் சொல்வதைக் கேட்ட வீட்டுக்காரி, "நம்ம மாடு இப்பக் கறவையே இல்லியே, எதுக்கு" என்றாள். அரம் போட்டுப் பார்த்தேன், மஞ்சள் இல்லை. எல்போ போடவில்லை. டீயும் சிலிக்கான் குழாயும் போட்டேன். மன்னிக்கணும் நாலுநூல் அண்ணா. கால் இன்ச் வால்வும் வைத்திருக்கிறேன், தகட்டு மறைப்பும் வைத்திருக்கிறேன்.

அந்தக் குழாய் மூன்றாவது ஈட்டிலேயே போட்ட காசைக் கொடுத்துவிட்டது. அன்றைக்குப் புல் கொஞ்சம் அதிகம், மிச்சம் வைப்பானேன் என்று 13 கிலோவைக் காலால் மிதிக்காத குறையாக அமுக்கினேன். கொதி வந்து கால் மணி நேரத்தில் குழாயில் மட்டம் ஏறுகிறது. முதலில் நான்கு விரல், அப்புறம் ஒரு சாணுக்கு மேல். கண்டன்சரில் நூல் மாதிரி ஒழுகிக்கொண்டிருந்தது சொட்டாகிவிட்டது. உடனே அணைத்தேன். ஆறினபின் திறந்து பார்த்தால் கழுத்துக் குழாயின் வாயில் நறுக்கின புல் ஒரு கைப்பிடி, குருவிக்கூடு கட்டின மாதிரி. இந்தக் குழாய் இல்லாவிட்டால் சொட்டு குறைந்ததைப் பார்த்துத் தீயைக் கூட்டியிருப்பேன். போன வருடம் இரண்டு தடவை அப்படிக் கூட்டினது ஞாபகம் இருக்கிறது. இப்போது நினைத்தால் வயிறு கலங்குகிறது.

ஒரு கூத்தும் நடந்தது. முதல் தடவை வடிக்கும்போது கேஸ், ரெகுலேட்டர், கழுத்து, மூடி, ப்ளக் எல்லாம் வரிசைப்படி செய்தேன். ஹோஸுக்கு மட்டும், தோட்டத்துக்குப் போடுகிற பச்சைக் குழாயைச் செருகி க்ளிப் இறுக்கினேன். எங்கள் உயரத்தில் தண்ணீர் 96 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும். ஆனாலும் பிவிசிக்கு அது போதும் போலிருக்கிறது. அரை நிமிடத்தில் குழாய் வேகவைத்த சேமியா மாதிரித் துவண்டு, க்ளிப்பிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. கைப்பிடி என் கையிலேயே இருந்ததால் சட்டென்று மூடினேன். இந்தத் தடவை கால் தப்பியது, கம்பூட்ஸ் போட்டிருந்தேன். இப்போது ஹோஸே இல்லை. வால்வு வாயிலிருந்து எவர்சில்வர் எல்போ, அதிலிருந்து இரண்டு அடி எவர்சில்வர் பைப், நேரே வெளிக்கால்வாய்க்கு. சாய்வு மட்டும் பார்த்துக்கொண்டேன்.

வடிவதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. தலைவாசலில் நின்று பார்த்த வீட்டுக்காரி, "இதுக்கா மூணு வருசம்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கற்பூரமரம்

கால்வாய் எங்கே போகிறது? அந்தக் கடுங்காப்பித் தண்ணீரைச் சூடாகச் செடி வேரில் விட்டுவிடாதீர்கள். நான் ஒருமுறை விட்டு ஒரு வரிசை பீன்ஸ் போயிற்று.

புல்லுமேடு

ஒரு பழைய சிமெண்ட் தொட்டியில் விழுகிறது. மறுநாள் ஆறினபின் காய்ச்சின புல் சக்கையோடு சேர்த்துக் காப்பிச் செடிக்கு மூடாக்குப் போடுகிறோம். தொட்டி ஓரத்தில் பூனை வந்து படுத்துக்கொள்கிறது, சூடாக இருப்பதால்.

நாலுநூல்

சிலிக்கான் குழாயை வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள், மஞ்சளித்தால் உடனே. முதல் வெல்டரிடம் கோபப்படாதீர்கள், ராடு வெல்டிங்கில் நல்ல கை இருந்தாலும் ஒன்றரை மில்லித் தகட்டில் இதுதான் வரும். அடுத்து என்ன?

புல்லுமேடு

அடுத்து சூடான புல்லை முள்கரண்டியால் அள்ளுவது. கூடை செய்து கப்பி மாட்டித் தூக்கலாம் என்று யோசனை. புல் 11 கிலோ போட்டால் ஈரத்தோடு வெளியே வரும்போது கூடையோடு 16 கிலோ இருக்கும் என்று நினைக்கிறேன். கொட்டகை உத்தரம் சில்வர் ஓக், தாங்குமா என்று ஆசாரியைக் கூப்பிட்டிருக்கிறேன். அவர் பார்த்துச் சொன்னதும் தனியாக ஒரு கேள்வி போடுகிறேன்.